தனித் தட்டு வேண்டாம், தனி ஊசி வேண்டும்

கேள்வி: என் மாமனாருக்கு 64 வயது. கண்புரை ஆபரேஷனுக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் 'ஹெச்.சி.வி. ஆன்டிபாடி பாசிட்டிவ்' என்று வந்துவிட்டது. ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அவர் குடித்ததே இல்லை, மஞ்சள் காமாலையும் வந்ததில்லை. 1986-ல் ஒரு விபத்தில் அடிபட்டபோது இரத்தம் ஏற்றினார்களாம், அவ்வளவுதான். வீட்டில் மாமியார், கணவர், மூன்று வயது மகள், நான். நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. பயத்தில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டேன், துணியையும் தனியாகத் துவைக்கிறேன். அவரும் புரிந்துகொண்டு பேத்தியைத் தூக்குவதை நிறுத்திவிட்டார். போன வாரம் குழந்தை அவருடைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து வாயில் வைத்துவிட்டாள், அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கணவர் அவசரத்துக்கு அப்பாவின் ரேஸரை எடுத்து ஷேவ் செய்வது வழக்கம். மாமனார், மாமியார் இருவருக்கும் சர்க்கரை நோய், வீட்டிலேயே ஒரு மெஷினில் பார்த்துக்கொள்கிறார்கள். இது எங்களுக்கும் ஒட்டிக்கொள்ளுமா? பாத்ரூம், கொசு, எச்சில் வழியாகப் பரவுமா? சொந்தக்காரர்களிடம் சொல்ல வேண்டுமா?

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தில் நீங்கள் பயந்து பயந்து எழுதியதை எல்லாம் அமைதியாகத்தான் படித்துக்கொண்டு வந்தேன். போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் நின்றுவிட்டேன். 'வீட்டிலேயே ஒரு மெஷினில் பார்த்துக்கொள்கிறார்கள்.' மெஷின் ஒன்றா, அல்லது விரலில் குத்தும் அந்தப் பேனா போன்ற கருவியும் ஒன்றா? ஊசியை ஒவ்வொரு தடவையும் மாற்றுகிறார்களா, இல்லை மழுங்கும் வரை அதே ஊசியா? பெரும்பாலான வீடுகளில் கருவியும் ஒன்றுதான், ஊசியும் ஒன்றுதான் என்பதை நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவன் நான். அதனால் மற்றதை அப்புறம் படியுங்கள். முதலில் எழுந்துபோய் அந்தப் பேனாவை மாமனாருக்கென்று ஒதுக்கிவிட்டு, மாமியாருக்குப் புதிதாக ஒன்று வாங்க ஏற்பாடு செய்யுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், ரிப்போர்ட்டில் ஹெச்.சி.வி. என்று போட்டிருப்பது ஹெபடைடிஸ் சி, கல்லீரலைத் தாக்குகிற, இரத்தத்தில் இருக்கும் வைரஸ். ஒருவருடைய இரத்தம் இன்னொருவருடைய இரத்தத்துக்குள் போக வேண்டும், அப்போதுதான் அது பரவும். தட்டில் அந்த வாய்ப்பு இல்லை. டம்ளரில் இல்லை. சேர்ந்து ஊறுகிற துணியிலும் இல்லை. விரலைக் குத்தி இரத்தம் எடுக்கிற ஊசியில் இருக்கிறது. ஊசியை மட்டும் மாற்றினாலும் போதாது, ஏனென்றால் பேனாவின் முனையில் விரலை அழுத்துகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் ஒட்டியிருக்கலாம். அதனால்தான் அந்தக் கருவியை ஒருவருக்கு மேல் உபயோகிக்கவே கூடாது என்பது விதி. இப்படிப் பகிர்ந்துகொண்டதால் முதியோர் இல்லங்களில் ஹெபடைடிஸ் பி கொத்துக் கொத்தாகப் பரவிய சம்பவங்கள் உண்டு. பி வைரஸ் போகிற அந்த வழி சி-க்கும் திறந்துதான் இருக்கிறது. வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் இருந்தால் இன்சுலின் பேனாவுக்கும் இதே விதிதான். ஊசியை மாற்றினாலும் பேனா ஒருவருக்கு மட்டும்.

இரத்தத்தைப் படிக்கிற மெஷின், அதாவது ஸ்ட்ரிப் செருகும் கருவி, அதுவும் ஆளுக்கு ஒன்று இருந்தால் நல்லது. உடனே முடியாவிட்டால் ஒவ்வொருவர் பார்த்த பிறகும் கிருமிநாசினியால் துடைத்து வையுங்கள். குத்திய ஊசிகளைக் குப்பைக்கூடையில் அப்படியே போடாதீர்கள். தடிமனான ஒரு பிளாஸ்டிக் டப்பா, இறுக்க மூடுகிற மூடி, குழந்தைக்கு எட்டாத உயரம். அது நிறைந்ததும் உங்கள் மருத்துவமனையிலோ பரிசோதனைக் கூடத்திலோ வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

சரி, இப்போது உட்கார்ந்து பேசலாம்.

முதலில் அந்த ரிப்போர்ட். ஆன்டிபாடி என்பது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள். அது பாசிட்டிவ் என்றால் அவருக்கு இப்போது நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இந்த வைரஸை அவர் உடம்பு எப்போதோ ஒரு காலத்தில் சந்தித்திருக்கிறது என்று மட்டும்தான் அந்தப் பரிசோதனை சொல்கிறது. தொற்றியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேருக்கு எந்த மருந்தும் இல்லாமல் ஆறு மாதத்துக்குள் வைரஸ் தானாகவே போய்விடும். ஆனால் ஆன்டிபாடி பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இரத்தத்தில் கிடக்கும். சில சமயம் பரிசோதனையே பொய்யாகப் பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு. ஆகவே அடுத்து செய்ய வேண்டியது வைரஸே இப்போது இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கிற ஹெச்.சி.வி. ஆர்.என்.ஏ. பரிசோதனை, பரிசோதனைக் கூடங்களில் 'வைரல் லோடு' என்பார்கள். அதில் வைரஸ் இல்லை என்று வந்தால் அவர் யாருக்கும் எதையும் பரப்ப முடியாது, நீங்கள் ஒதுக்கிய தட்டு எல்லாம் வீண். இருக்கிறது என்று வந்தால் சிகிச்சை. உங்கள் கடிதத்தில் இந்தப் பரிசோதனை பற்றிய பேச்சே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ஒரு பாசிட்டிவ் தாளைக் கையில் கொடுத்து ஆபரேஷனைத் தள்ளிவைத்தவர்கள், அடுத்தது என்ன என்று இரண்டு வரி எழுதித் தந்திருக்கலாம்.

அந்த ஆபரேஷன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹெபடைடிஸ் சி இருப்பதற்காகக் கண்புரை ஆபரேஷனை மறுக்க வேண்டியதில்லை. எல்லா நோயாளியின் இரத்தத்திலும் தொற்று இருக்கக்கூடும் என்று நினைத்துத்தான் எல்லா ஆபரேஷனையும் செய்ய வேண்டும், கருவிகளை முறையாகக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செய்கிறோம் என்றால் அது நியாயம். பாசிட்டிவ் என்பதால் மாட்டோம் என்றால் அது நியாயமில்லை, வேறு மருத்துவரைப் பாருங்கள்.

எங்கிருந்து வந்தது என்று மாமனார் மனசுக்குள் குமைந்துகொண்டிருப்பார், அந்தத் தலைமுறை ஆட்கள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். 1986-ல் ஏற்றிய இரத்தம்தான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். இந்த வைரஸை அடையாளம் கண்டுபிடித்ததே 1989-ல். அதற்கு முன்னால் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்குப் பிற்பாடு கல்லீரல் அழற்சி வருவதை மருத்துவர்கள் பார்த்தார்கள், ஏ வைரஸும் இல்லை, பி வைரஸும் இல்லை என்பது மட்டும் தெரிந்தது, வேறு பெயர் கிடைக்காமல் 'ஏ-யும் அல்லாத பி-யும் அல்லாத ஹெபடைடிஸ்' என்றே பல வருஷம் அழைத்தார்கள். இதைத் துலக்கியதற்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, 1986-ல் உங்கள் மாமனாருக்கு இரத்தம் கொடுத்தவரும் அறியார், ஏற்றிய மருத்துவரும் அறியார், பரிசோதிக்க உலகத்தில் ஒரு வழியும் இல்லை. இதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். நாற்பது வருஷமாக ஒரு அறிகுறியும் காட்டாமல் இருக்குமா என்று கேட்டால், இருக்கும். புதிதாகத் தொற்றுகிறவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு எதுவுமே தெரியாது, காமாலை வருவது சிலருக்குத்தான். கல்லீரல் என்சைம் அளவு சாதாரணமாக இருந்தாலும் உள்ளே வைரஸ் இருக்கலாம்.

இரத்தம் ஏற்றுவதைத் தவிர, சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத ஊசி இன்னொரு பெரிய வழி. எகிப்தில் 1950-களிலிருந்து 1980-கள் வரை நத்தைகள் மூலம் பரவும் ஒட்டுண்ணி நோய்க்கு ஊர் ஊராக ஊசி போட்டார்கள், ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் ஒட்டுண்ணி போகப் போக இந்த வைரஸ் நாடு முழுக்கப் பரவிவிட்டது. நல்லது செய்யப் போய் வந்த வினை. போதை மருந்து ஊசியைப் பகிர்வது, டயாலிசிஸ், பல் சிகிச்சை, பச்சை குத்துவது, காது மூக்கு குத்துவது என்று எங்கெல்லாம் ஒருவர் இரத்தம் பட்ட கருவி முறையாகச் சுத்தம் செய்யப்படாமல் இன்னொருவர் தோலைத் துளைக்கிறதோ அங்கெல்லாம் இது போகும். உங்கள் மாமனார் எந்த வழியில் வாங்கினார் என்பதைத் தோண்டிக்கொண்டிருப்பதால் சிகிச்சை மாறப்போவதில்லை, அதனால் நான் அதற்கு மேல் கேட்க மாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள்.

இனி உங்கள் கேள்விகள். எச்சில், இருமல், தும்மல், கட்டிப்பிடிப்பது, முத்தம், ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே பாத்ரூம், ஒரே படுக்கை, நீச்சல் குளம், கொசு, எதிலும் பரவாது. கொசுவைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், இரத்தம் குடிக்கிறதே என்று. கொசு தான் குடித்த இரத்தத்தை அடுத்தவர் உடம்பில் துப்புவதில்லை, அதன் உமிழ்நீரைத்தான் செலுத்துகிறது. இந்த வைரஸ் கொசுவின் உடம்பில் பெருகுவதும் இல்லை.

தட்டை ஒதுக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. ஹெபடைடிஸ் என்றால் கல்லீரல் அழற்சி, அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். அதை உண்டாக்கும் வைரஸ்கள் ஏ, பி, சி, டி, ஈ என்று பெயரில் மட்டும்தான் உறவு, குணத்தில் எல்லாம் ஒன்றில்லை. ஏ-யும் ஈ-யும் மலம் கலந்த தண்ணீர், சாப்பாடு வழியாக வாய்க்குள் போகிறவை, காமாலை வந்தால் தட்டைத் தனியாக வை என்று பெரியவர்கள் சொன்னது அவற்றைப் பார்த்துத்தான். பி, சி, டி இரத்த வழிக்காரர்கள், பி-யும் டி-யும் உடலுறவிலும் எளிதாகப் போகும். எல்லாவற்றுக்கும் ஒரே 'காமாலை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால் ஒன்றின் காவலை இன்னொன்றுக்குப் போடுகிறோம். அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. தட்டைப் பிரித்துவிட்டோம், பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற நிம்மதியில் ரேஸரை யாரும் கவனிப்பதில்லை. உங்கள் வீட்டில் நடந்தது அதேதான்.

ஆகவே ரேஸர். பிளேடு தோலை லேசாகச் சீவும், கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், கொஞ்சம் இரத்தம் ஒட்டும். காய்ந்த இரத்தத்திலும் இந்த வைரஸ் சாதாரண அறை வெப்பத்தில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடும், சிரிஞ்சுக்குள் மிஞ்சிய இரத்தத்தில் 63 நாள் வரை இருந்ததை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். கழுவித்தானே வைக்கிறார் என்று உங்கள் கணவர் சொல்வார். தண்ணீரில் அலசுவது கிருமிநீக்கம் ஆகாது. அப்பாவுடைய ரேஸரை இனி அவர் தொட வேண்டாம், தன்னுடையதையும் அப்பாவுக்குக் கொடுக்க வேண்டாம். வெளியே ஷேவ் செய்கிறவர்களாக இருந்தால் ஆளுக்குப் புது பிளேடு மாட்டுகிறார்களா என்று கண்ணால் பார்த்துவிட்டு உட்காரட்டும். இது ஹெபடைடிஸ் சி இல்லாத வீட்டுக்கும் பொருந்தும், சொல்லப்போனால் யார் வீட்டில் இல்லை என்று யாருக்குத் தெரியும்?

நகவெட்டி, முடி பிடுங்கும் சாமணம், காது குத்திய கம்மல், பல் துலக்கும் பிரஷ், இவையும் ஆளுக்கு ஒன்று. எல்லா பிரஷ்ஷையும் ஒரே டம்ளரில் செருகி வைக்காதீர்கள், ஒன்றின் முடி இன்னொன்றில் உரசும். அவருடையதைத் தனி டம்ளரில், குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

குழந்தை பிரஷ்ஷை வாயில் வைத்துவிட்டாள் என்று தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். முதலில் மாமனாரின் இரத்தத்தில் இப்போது வைரஸ் இருக்க வேண்டும், அதுவே இன்னும் உறுதியாகவில்லை. அப்புறம் அந்த பிரஷ்ஷில் இரத்தம் இருந்திருக்க வேண்டும். அப்புறம் குழந்தையின் வாயில் திறந்த புண் இருந்து அதற்குள் அது போயிருக்க வேண்டும். மூன்றும் ஒரே நிமிஷத்தில் கூடிவருவது மிக மிக அரிது. மாமனாரின் ஆர்.என்.ஏ. பரிசோதனையில் வைரஸ் இருக்கிறது என்று வந்து, அவருக்கு ஈறில் இரத்தம் கசியும் பழக்கமும் இருந்தால், குழந்தைகள் மருத்துவரிடம் சொல்லி ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குழந்தைக்காக என்பதைவிட, நீங்கள் நிம்மதியாகத் தூங்குவதற்காக.

இந்தக் காத்திருப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு இரவுப் பணியில், ஹெபடைடிஸ் சி இருந்த நோயாளிக்கு இரத்தம் எடுத்த ஊசியை மூடி போட்டு மூடப் போய் என் கட்டைவிரலில் குத்திக்கொண்டேன். மூடவே கூடாது என்று படித்திருந்தும் கை பழக்கத்தில் செய்துவிட்டது. சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவினேன், மூத்த மருத்துவரிடம் சொன்னேன். எச்.ஐ.வி.க்கு உடனே போட்டுக்கொள்ள மாத்திரை இருக்கிறது, பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. சி-க்கு அன்றும் எதுவும் இல்லை, இன்றும் அப்படி முன்கூட்டியே தடுக்கிற மருந்து இல்லை, தடுப்பூசியும் இல்லை. பரிசோதித்துக்கொண்டே காத்திருக்க வேண்டியதுதான். நூற்றுக்கு இரண்டு பேருக்கு வரும் என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள், பிற்காலத்துக் கணக்குகள் அதை ஆயிரத்துக்கு இரண்டு அளவுக்குக் குறைத்துவிட்டன. எனக்கு வரவில்லை. ஆறு மாதம் என் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் என் நகவெட்டியை மட்டும் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தேன். நேரடியாக ஊசி குத்தியே இவ்வளவுதான் வாய்ப்பு என்றால், பிரஷ்ஷை வாயில் வைத்ததில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

காயம் பட்டால் என்ன செய்வது? மாமனாருக்கு எங்காவது வெட்டுக்காயமோ புண்ணோ இருந்தால் பிளாஸ்டர் போட்டு மூடி வைக்கட்டும், அதோடு பேத்தியைத் தாராளமாகத் தூக்கலாம். தரையில் இரத்தம் சிந்தினால் கையுறை போட்டுக்கொண்டு, முதலில் பழந்துணியிலோ காகிதத்திலோ ஒற்றி எடுத்து ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். அப்புறம் வீட்டு ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு என்று அன்றைக்கே கலந்து அந்த இடத்தில் ஊற்றி, பத்து நிமிஷம் விட்டுத் துடையுங்கள். அந்த ப்ளீச்சோடு கழிவறை ஆசிட் போன்ற வேறு எதையும் கலக்காதீர்கள், விஷ வாயு வரும், கர்ப்பிணி நீங்கள் அதைச் சுவாசிக்கவே கூடாது. முடிந்தால் இந்த வேலையைக் கணவர் செய்யட்டும். துணிகளை எல்லோருடையதோடும் சேர்த்தே துவைக்கலாம், இரத்தக்கறை பட்டதை மட்டும் கையுறையோடு எடுத்துத் தனியாகத் துவைத்தால் போதும்.

யாருக்குப் பரிசோதனை வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். மாமியாருக்கு முதலில். ஊசிக் கருவியைப் பகிர்ந்துகொண்டிருக்கக்கூடியவர் அவர்தான். பல வருஷம் சேர்ந்து வாழும் கணவன் மனைவிக்குள் உடலுறவு மூலம் பரவுவது மிக அரிது, அதற்காக அவர்கள் வாழ்க்கையில் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் அந்தக் கருவி விஷயத்துக்காக அவர் பார்த்தே ஆக வேண்டும். அடுத்து ரேஸர் எடுத்த உங்கள் கணவர். தொற்றி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் ஆன்டிபாடி தெரியவரும், ஆர்.என்.ஏ. ஓரிரு வாரத்திலேயே தெரியும், அதனால் கடைசியாக எப்போது பகிர்ந்தார்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லட்டும். உங்களுக்கு, கர்ப்பகாலப் பரிசோதனைகளோடு இதையும் சேர்க்கச் சொல்லுங்கள், ஏற்கனவே எடுத்திருந்தாலும் இருக்கலாம், பழைய ரிப்போர்ட்டைப் பாருங்கள். மாமனாரோடு ஒரே வீட்டில் இருப்பதால் வயிற்றில் உள்ள குழந்தைக்கு எதுவும் ஆகாது. தாய்க்கே வைரஸ் இருந்தால்தான் பிரசவத்தை ஒட்டிக் குழந்தைக்குப் போக வாய்ப்பு, அதுவும் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு. அப்படிப்பட்ட தாய்மார்களே தாய்ப்பால் கொடுக்கலாம், மார்புக் காம்பு வெடித்து இரத்தம் வந்தால் மட்டும் ஆறும் வரை நிறுத்த வேண்டும்.

இப்போது நல்ல செய்தி. இது குணமாகிற நோய். கட்டுக்குள் வைக்கிற நோய் இல்லை, உடம்பிலிருந்து வைரஸைத் துடைத்து எடுத்துவிடக்கூடிய நோய். முன்பெல்லாம் இன்டர்ஃபெரான் என்று வாரா வாரம் ஊசி, ஆறு மாதம், ஒரு வருஷம், காய்ச்சல், மனச்சோர்வு, முடி கொட்டுதல், அவ்வளவு பாடுபட்டும் பாதிப் பேருக்குத்தான் குணமாகும். மருந்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியவர்களை நான் குறை சொன்னதே இல்லை. 2013-ன் கடைசியில் சோஃபோஸ்புவிர் வந்த பிறகு எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது. இப்போது அதோடு வெல்படாஸ்விர் அல்லது டக்லடாஸ்விர் சேர்த்து, பெரும்பாலானவர்களுக்குப் பன்னிரண்டு வாரம், தினம் வாயில் போடுகிற மாத்திரை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறது. மாத்திரை முடித்துப் பன்னிரண்டு வாரம் கழித்து ஆர்.என்.ஏ. பார்த்து இல்லை என்று வந்தால் குணம் என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். உங்கள் வீட்டுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஆன்டிபாடி மட்டும் அதற்கப்புறமும் பாசிட்டிவ் என்றே காட்டிக்கொண்டிருக்கும், அடுத்த முறை யாராவது அதைப் பார்த்துப் பதறினால் ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டுங்கள், அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

சிகிச்சைக்கு முன் மருத்துவர் கல்லீரல் எவ்வளவு தழும்பேறி இருக்கிறது என்று ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் செய்வார். வைரல் லோடு லட்சக்கணக்கில் இருந்தால் கல்லீரல் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை, இரண்டுக்கும் நேர் தொடர்பு கிடையாது, அந்த எண்ணைப் பார்த்து மயங்கி விழாதீர்கள். ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் சி-யை அடக்கும்போது தூங்கிக்கொண்டிருந்த பி எழுந்துகொள்ளக்கூடும். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், அட்டையோடு. இதயத்துக்கு அமியோடரோன், வயிற்று அமிலத்துக்கு ஒமெப்ரசோல், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் போன்றவை இந்த மாத்திரைகளோடு சண்டை போடும். வயிற்று எரிச்சலுக்குத்தானே, அதை எதற்குச் சொல்வது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, அவருக்குச் சர்க்கரை இருப்பதால் இதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்: வைரஸ் குறையக் குறையச் சிலருக்குச் சர்க்கரை அளவும் இறங்கும், பழைய அளவிலேயே சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தால் தாழ் சர்க்கரை ஆகி மயங்கலாம். முதல் சில வாரம் அடிக்கடி பார்க்கட்டும், அவருக்கென்று ஒதுக்கிய கருவியில்.

கல்லீரலுக்கு நல்லது என்று யாராவது மூலிகைப் பொடியோ சூரணமோ கொண்டுவந்து நீட்டுவார்கள், நிச்சயம் நீட்டுவார்கள். அன்பாக வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள். கல்லீரலைக் காப்பாற்றப் போய்க் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்கள் எங்கள் வார்டில் எப்போதும் ஒருவராவது இருப்பார்கள். சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருக்கம், ஏற்கனவே வந்திருந்தால் வைரஸ் போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பார்க்க வேண்டும், கல்லீரல் புற்றுநோய் வாய்ப்பு குறையுமே தவிர முழுதாகப் போகாது. வைரஸ் தானாகப் போகாமல் உடம்பில் தங்கிவிட்டவர்களில் இருபது வருஷத்துக்குள் சிரோசிஸ் வருவது நூற்றுக்கு பதினைந்திலிருந்து முப்பது பேருக்கு. அவருக்கு நாற்பது வருஷம் ஆகியிருக்கலாம் என்பதால்தான் இந்த ஆர்.என்.ஏ. பரிசோதனையை அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று தள்ள வேண்டாம் என்கிறேன். ஒருமுறை குணமானவர்களுக்கு மறுபடியும் தொற்றலாம் என்பதால் ரேஸரும் ஊசியும் என்றைக்குமே ஆளுக்கு ஒன்றுதான்.

கடைசியாக, சொந்தக்காரர்கள். அவருக்கு ஊசி போடுகிறவர், ஆபரேஷன் செய்கிறவர், பல் மருத்துவர், இவர்களிடம் சொல்ல வேண்டும். இரத்த தானம் கூடாது, இனி குணமான பிறகும் வேண்டாம். ஒரே வீட்டில் இருக்கும் உங்களுக்கு ஏற்கனவே தெரியும். இதற்கு மேல் கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்காருகிறவருக்கும், பார்க்க வருகிற ஒன்றுவிட்ட தம்பிக்கும் இது தெரிய வேண்டிய அவசியம் எந்த மருத்துவக் காரணத்தாலும் இல்லை. சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் கணவரும் நீங்களும் கூடித் தீர்மானிக்காதீர்கள், ரிப்போர்ட் அவருடையது, அவரையே கேளுங்கள். கேட்கப் போகும்போது குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய் அவர் மடியில் உட்கார வைத்துவிட்டுக் கேளுங்கள்.